இரண்டு நகர்த்தலில் மேட்: தடிப் புத்தகமா, கைப்பேசியா?

டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் பள்ளிச் சதுரங்கப் போட்டிக்குப் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர் பலரும் கேட்பது இதைத்தான்: மேட் (எதிராளியின் ராஜா தப்பவே முடியாதபடி செக் வைப்பது) புதிர் போட்டுப் பழகப் புத்தகம் வாங்கித் தரலாமா, ஃபோனே போதுமா? ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால் என் ஓட்டு புத்தகத்துக்கு. ஆனால் ஃபோன் தருவதைப் புத்தகம் தராது. அதனால் முதலில் ஃபோன்.

லிச்செஸ் என்ற சதுரங்கச் செயலி முழுக்க இலவசம், விளம்பரமும் கிடையாது. 'ஒன்றில் மேட்', 'இரண்டில் மேட்' என்று புதிர்களைப் பிரித்தே வைத்திருக்கிறார்கள். எல்லாம் யாரோ நிஜமாக ஆடிய ஆட்டங்களிலிருந்து எடுத்தவை. அதனால் சனிக்கிழமை போட்டியில் நம் பிள்ளைகள் சந்திக்கும் நிலைகளே இங்கேயும் வரும். மூன்று சிப்பாய்களுக்குப் பின்னால் அடைபட்ட ராஜாவைக் கடைசி வரிசையில் யானை வந்து முடிப்பது, ராணியை பலி கொடுத்துக் குதிரையால் மேட் வைப்பது, இப்படி. நூறு தடவை பார்த்தால் கண்ணே கண்டுபிடித்துவிடும். இந்தப் பழக்கத்தை இவ்வளவு சீக்கிரம் கொடுக்க வேறு எதனாலும் முடியாது.

குறை எங்கே என்றால், எதிராளியின் பதிலைச் செயலியே ஆடிவிடுகிறது, அதுவும் ஒரே ஒரு பதிலை. பிள்ளை செக் வைக்கிறான், கறுப்பு ராஜா நகர்கிறது, அடுத்த செக்கில் மேட். ராஜா வேறு கட்டத்துக்குப் போயிருந்தால்? இடையில் ஒரு காயை வைத்து மறைத்திருந்தால்? அதை யோசிக்காமலே பச்சை டிக் வந்துவிட்டது. தப்பாகப் போனாலும் நஷ்டம் சில புள்ளிகள்தான், அடுத்த புதிர் தயார். கண் பழகுகிறது, கணக்குப் போடும் பழக்கம் வருவதில்லை.

லாஸ்லோ போல்கரின் புத்தகம் இதற்கு நேர் எதிர். மூன்று மகள்களையும் சதுரங்க வீராங்கனைகளாக வளர்த்த அதே அப்பாதான். மொத்தம் 5334 பயிற்சிகள். அதில் ஒன்றில் மேட் 306, இரண்டில் மேட் 3412, மூன்றில் மேட் 744. இரண்டில் மேட் பகுதியில் பெரும்பாலானவை ஆட்டத்தில் வந்தவை அல்ல, புதிருக்கென்றே யாரோ உட்கார்ந்து அமைத்தவை. இந்த வகையில் முதல் நகர்த்தல் செக்காக இருப்பது அபூர்வம்.

அந்தக் கால அமெரிக்கச் சதுரங்க வீரர் பால் மார்ஃபியின் பெயரில் வழங்கும் ஒரு பழைய புதிரைப் பலகையில் வைத்துப் பாருங்கள் (கட்டத்தின் பெயரில் எழுத்து நெடுவரிசை, எண் குறுக்கு வரிசை). வெள்ளை: ராஜா சி8, யானை ஏ1, சிப்பாய் பி6. கறுப்பு: ராஜா ஏ8, மந்திரி (பிஷப்) பி8, சிப்பாய்கள் ஏ7, பி7. வெள்ளை ஆடி இரண்டில் மேட். ஃபோனில் பழகிய பிள்ளையின் கை நேராக யானைக்குப் போகும், ஏ7 சிப்பாயை வெட்டி செக் வைக்கும். மந்திரி யானையை வெட்டிவிடும், கதை முடிந்தது. விடை யானையை ஏ6-இல் கொண்டுபோய் வைப்பது. செக்கும் இல்லை, வெட்டும் இல்லை. ஏ7 சிப்பாய் நகர முடியாது, யானைக்கு எதிரே கட்டுண்டு நிற்கிறது (நகர்ந்தால் பின்னால் இருக்கும் ராஜாவுக்குச் செக்). பி7 சிப்பாய் யானையை வெட்டினால் வெள்ளைச் சிப்பாய் பி7-க்கு வந்து மேட். மந்திரி எங்கே நகர்ந்தாலும் யானை ஏ7-ஐ வெட்டி மேட். கறுப்பின் ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு மேட் சொன்னால்தான் புதிர் தீர்ந்தது. புத்தகத்தை நான் உயர்த்திப் பேசுவது இதனால்தான். எழுதிக் காட்டச் சொல்லுங்கள். முதல் நகர்த்தல் மட்டும் எழுதியிருந்தால் மார்க் கிடையாது.

கறாராகப் பார்த்தால் புத்தகத்திலும் சங்கடம் உண்டு. இந்தச் செயற்கை நிலைகள் ஆட்டத்தில் வரவே வராது. ஒன்பது வயதுக் குழந்தைக்கு ஆரம்பத்திலேயே கொடுத்தால் சலித்துப்போகும். ஆயிரம் பக்கத்துக்கு மேல் கனம் வேறு. ஆனால் லோட் ஷெடிங் என்று மின்சாரம் போனாலும், டேட்டா தீர்ந்தாலும் ஒரு மெழுகுவர்த்தி போதும். (லிச்செஸ் செயலியும் சில புதிர்களை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளும், அதைச் சொல்லாமல் விடக்கூடாது.)

மூன்று நிமிடத்தில் எத்தனை புதிர் போடுகிறாய் பார்ப்போம் என்று ஓடவிடும் பஸ்ல் ஸ்டார்ம், பஸ்ல் ரஷ் வகைகள்? தெரிந்த மேட்களை வேகமாக அடையாளம் காண நல்லது. புதிதாக எதையும் கற்றுத் தராது. பத்து வயதுக்குள் வேண்டாம்.

இரண்டுக்கும் பொதுவான ஒரு குறையும் உண்டு. தலைப்பிலேயே 'இரண்டில் மேட்' என்று எழுதியிருக்கிறது. ஆட்டத்தின் நடுவில் அப்படி யாரும் வந்து சொல்ல மாட்டார்கள். அதனால் மேட் புதிர்கள் ஓரளவு கைவந்ததும் லிச்செஸில் தலைப்பில்லாத கலவைப் புதிர்களுக்கு மாறிவிட வேண்டும். அந்த ஒரு வேலைக்கு ஃபோன்தான் ஒசத்தி.

சரி, எதை எப்போது? அடுத்த வாரம் போட்டி என்றால் ஃபோன், தினமும் அரை மணி நேரம், 'இரண்டில் மேட்' மட்டும். டிசம்பர் நீண்ட விடுமுறை என்றால் பலகையும் புத்தகமும், நாளுக்கு நாலே நாலு புதிர், காயைத் தொடாமல் எல்லாப் பதில்களையும் நோட்டில் எழுதிய பிறகே பின்பக்கத்து விடையைத் திருப்ப வேண்டும்.