லெக் பிரஸா, லெக் எக்ஸ்டென்ஷனா?

தொடையின் முன்பக்கத் தசைகளை வலுப்படுத்த ஜிம்களில் இரண்டு இயந்திரங்கள் பெரும்பாலும் அருகருகே இருக்கும். சாய்ந்து அமர்ந்து, பாதங்களால் தட்டைத் தள்ளுவது லெக் பிரஸ். நிமிர்ந்து அமர்ந்து, கணுக்காலுக்குச் சற்று மேலே படியும் உருளையை முழங்காலை நீட்டித் தூக்குவது லெக் எக்ஸ்டென்ஷன். மாடி ஏறும்போது முழங்கால் வலிக்கத் தொடங்கிய பிறகு, இவற்றில் லெக் பிரஸையே என் முதன்மைப் பயிற்சியாகக் கொண்டேன். உடலைச் சூடேற்றுவது, குறைந்த எடையில் தொடங்குவது ஆகியவை இரண்டுக்கும் பொது என்பதால் அவற்றை விரிக்கவில்லை.

லெக் எக்ஸ்டென்ஷன் முதுகைச் சிரமப்படுத்துவதில்லை; முன்தொடைத் தசையை மட்டும் தனியே உழைக்கச் செய்கிறது. ஆனால் கால் முழுவதும் நீளும் கடைசி 30 பாகையில் கீழ்க்கால் எலும்பு முன்னோக்கி இழுக்கப்படுவதால், முழங்காலுக்குள் எலும்புகளைப் பிணைக்கும் முன் குறுக்குத் தசைநார் (ACL) இறுக்கம் கொள்கிறது. அந்தத் தசைநாரில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு இந்தப் பகுதியைத் தொடக்கக் காலத்தில் தவிர்க்கச் சொல்வது இதனால்தான். லெக் பிரஸில் பாதம் தட்டில் ஊன்றியிருப்பதால் பின்தொடையும் பிட்டத் தசைகளும் சேர்ந்து உழைத்து மூட்டைத் தாங்குகின்றன.

இருப்பினும் லெக் பிரஸின் பாதுகாப்பு, தட்டை எவ்வளவு தூரம் இறக்குகிறோம் என்பதைப் பொறுத்தது; என் கணிப்பில் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமானது இதுவே. முழங்கால்கள் மார்பை நெருங்க நெருங்க, ஒரு கட்டத்தில் இடுப்பு மடங்கி மெத்தையை விட்டு எழும்பும். அப்போது கீழ்முதுகு வளைந்து, கால்கள் தாங்க வேண்டிய சுமை முதுகெலும்பின் வட்டுகளை அழுத்தும். அந்தப் புள்ளி ஒவ்வொருவருக்கும் வேறுபடும். ஆகவே எடைத்தட்டுகள் ஏதுமின்றி மெதுவாக இறக்கி, பக்கவாட்டில் ஒருவரைப் பார்க்கச் சொல்லி, இடுப்பு எழும்பும் இடத்தைக் கண்டறிந்து, அதற்கு முன்பாகவே நிற்கும்படி பாதுகாப்புத் தடுப்பைப் பொருத்த வேண்டும். முழங்கால் 90 பாகை மடங்குவதே பலருக்குப் போதுமானது. அதைவிட ஆழமாகப் போனால் முழங்கால் சில்லின் மீதான அழுத்தமும் ஏறும். தடுப்பு பழுதான இயந்திரத்தில் நான் அமர்வதே இல்லை. மேலே தள்ளும்போதும் முழங்காலை முற்றிலும் நேராக்கிப் பூட்டிவிடக் கூடாது.

45 பாகைச் சரிவில் 100 கிலோவைத் தள்ளும்போது, உராய்வை விட்டுவிட்டால், கால்கள் எதிர்கொள்வது ஏறத்தாழ 71 கிலோதான். இந்த எளிமை எடையை அளவுமீறிக் கூட்டத் தூண்டுவதோடு, மூச்சை அடக்கித் தள்ளவும் வைக்கிறது. 1985இல் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உடற்கட்டு வீரர்களின் தமனிக்குள் நேரடியாக அளந்தபோது, இருகால் லெக் பிரஸின் உச்சத்தில் ரத்த அழுத்தம் சராசரியாக 320/250 வரை சென்றது. தள்ளும்போது மூச்சை வெளியே விடுவது அவசியம். ரத்த அழுத்த நோயாளிகள் மருத்துவரைக் கேட்காமல் இதில் இறங்கக் கூடாது.

லெக் எக்ஸ்டென்ஷனை நான் அடியோடு கைவிடவில்லை. லெக் பிரஸ் முடிந்த பின், முதுகுச் சாய்வை நகர்த்தி முழங்கால் மூட்டை இயந்திரத்தின் சுழலச்சுக்கு நேராக வைத்து, குறைந்த எடையில் 12 முதல் 15 முறை மெதுவாகச் செய்கிறேன். கிடைமட்டமாகத் தள்ளும் லெக் பிரஸில் எனக்குப் பழக்கம் குறைவு; மேலே சொன்னவற்றைச் சரிவு வகைக்கு உரியதாகவே கொள்ள வேண்டுகிறேன்.