படகுக்குப் புதுக் கம்பி போடப்போகிறீர்களா? காசு கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்

மலேசியாவின் மேற்குக் கரையில் பாய்மரப் படகு வைத்திருக்கும் தமிழர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் எங்களை ஏமாற்றிய ஆள் இன்னும் அதே வேலையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார், அதுவும் "நம்ம ஆளு" என்ற ஒரே பிடியை வைத்துக்கொண்டு. அவர் பெயரையும் பட்டறை பெயரையும் இங்கே போடமாட்டேன், புகார் விசாரணையில் இருக்கிறது. என்ன செய்தார் என்பதை மட்டும் சொல்கிறேன்.

நானும் என் வீட்டுக்காரரும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் கிள்ளான் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு 36 அடிப் படகு ஒன்றில் குடியேறியவர்கள். போர்ட்டிக்சன், பங்கோர், பினாங்கு, லங்காவி என்று கரையை ஒட்டியே போவோம் வருவோம், சமுத்திரம் தாண்டுகிற ஆசையெல்லாம் கிடையாது. காப்புறுதியைப் புதுப்பிக்கப் போனபோது, மாஸ்ட்டை, அதாவது பாய் ஏற்றும் கம்பத்தை, பிடித்து நிறுத்தும் கம்பிகளுக்குப் பத்து வயது தாண்டிவிட்டது, மாற்றிவிட்டு வாருங்கள் என்றார்கள். நியாயம்தான். பல காப்புறுதி நிறுவனங்கள் இப்படித்தான் கேட்கின்றன, பக்கத்துக் கம்பி ஒன்று அறுந்தாலே மாஸ்ட் சாய்ந்துவிடும்.

படகைக் கரையேற்றியிருந்த பட்டறையில் இந்த ரிக்கர், அதாவது மாஸ்ட் கம்பி போடும் ஆள், வந்து சேர்ந்தார். வந்த அன்றே அண்ணே, அக்கா. கூலி மற்றவர்களைவிடக் கொஞ்சம்தான் குறைவு, ரொம்பக் குறைத்திருந்தால் யாருக்கும் சந்தேகம் வந்திருக்கும், அந்த விஷயத்தில் ஆள் கெட்டிக்காரர். கையால் எழுதிய பில்லில் 316 ஸ்டெயின்லெஸ் கம்பி, புது டர்ன்பக்கிள் (கம்பியை முறுக்கி இறுக்கும் திருகு), அதை மாட்டும் புது ஊசி என்று வரி வரியாக இருந்தது. கம்பி எந்த ட்ரம்மிலிருந்து வந்தது, அதன் லேபிள் எங்கே என்று என் வீட்டுக்காரர் கேட்டார். ரிக்கர் தன் சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன காந்தத்தை எடுத்து, கம்பி முனையில் அழுத்திப் பொருத்தியிருக்கும் ஸ்வேஜ் குழாயில் வைத்து, "பாருங்கண்ணே, ஒட்டுதா? ஒரிஜினல் 316" என்று சிரித்தார்.

அந்தக் காந்த வித்தையை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் 304, 316 ஆகிய இரண்டு ரகமுமே பொதுவாகக் காந்தத்தில் ஒட்டாது. மெல்லிய கம்பியாக இழுக்கும்போது இரண்டுமே கொஞ்சம் காந்தத்தன்மை பெறவும் செய்யும். அதனால் காந்தத்தை வைத்துத் தரம் பிரிப்பது வெறும் கண்கட்டு வேலை. இரண்டுக்கும் உள்ள உண்மையான வித்தியாசம் 316-இல் கலந்திருக்கும் இரண்டு முதல் மூன்று சதவீத மாலிப்டினம்தான், உப்புத் தண்ணீரை அது தாங்குவது அதனால்தான். பழைய கம்பிகளைத் தானே தூக்கிப் போட்டுவிடுவதாகச் சொல்லி எடுத்துக்கொண்டு போனார். உதவி செய்கிறார் என்றுதான் தோன்றும், இல்லையா?

சில மாதம் கழித்து, ஆகஸ்டில், பங்கோரிலிருந்து சாயங்காலம் கிளம்பினோம், விடியும்போது பினாங்கு வந்துவிடலாம் என்று கணக்கு. அந்த மாதங்களில் சுமத்ரா காற்று எப்படி என்று இந்தப் பக்கம் படகு ஓட்டுபவர்களுக்குத் தெரியும். ராத்திரி நீரிணைக்கு மேலே மேகம் திரண்டு, விடியலுக்கு முன்னால் மேற்கிலிருந்து சுவர் மாதிரி வந்து அடிக்கும். அன்றைக்கும் வந்தது. பாயை ஏற்கனவே சுருக்கியிருந்தோம், காற்று 40 நாட் (மணிக்குச் சுமார் 74 கி.மீ.) வரை போனது, எங்கள் படகுக்கு அது புதிதில்லை. ஆனால் இடது பக்கத்திலிருந்து "டங்" என்று ஒரு சத்தம். டார்ச் அடித்துப் பார்த்தால் முக்கியமான பக்கக் கம்பியின் அடியில், பத்தொன்பது இழைகளில் மூன்று அறுந்து வெளியே சுருண்டு நிற்கிறது, படகு ஒவ்வொரு அலையில் ஏறும்போதும் மற்ற இழைகள் கிரீச்சிடுகின்றன.

படகைத் தெற்கே திருப்பி, காற்று மறுபக்கம் படும்படி வைத்து, பாயை இறக்கி, சும்மா இருந்த ஒரு பாய்க்கயிற்றை மாஸ்ட் உச்சியிலிருந்து அந்தக் கம்பி பொருந்தியிருந்த தகட்டுக்கே கொண்டுவந்து வின்ச்சில் இறுக்கினார் என் வீட்டுக்காரர். மழையில் பக்கத்தில் இருந்த என்னையே பார்க்க முடியவில்லை அவரால். அப்புறம் இன்ஜினில் ஊர்ந்து போய் ஜெரெஜாக் தீவின் ஓரமாக நங்கூரம் போட்டோம்.

வெளிச்சத்தில் பார்த்தபோதுதான் முழு லட்சணமும் தெரிந்தது. ஸ்வேஜ் குழாய் லேசாக வாழைப்பழம் போல வளைந்திருந்தது, மெஷினில் ஒழுங்காக வைத்து அழுத்தவில்லை என்பதற்கு அதுவே அடையாளம். ஒரு பருத்தித் துணியால் மற்ற கம்பிகளை மேலிருந்து கீழே துடைத்துக்கொண்டே வந்தேன், இரண்டு இடத்தில் துணி மாட்டிக் கிழிந்தது, அங்கேயும் இழை விட்டிருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத விரிசலுக்குச் சிவப்புச் சாயம் பூசிச் சோதிக்கும் முறை இருக்கிறது, எங்களுக்கு அது தேவையே படவில்லை.

அதற்கப்புறம்தான் எனக்கு வயிறு எரிந்தது. நான் ஒவ்வொரு டர்ன்பக்கிளின் மரையிலும் சிவப்பு நகப்பூச்சால் ஒரு கோடு போட்டு வைப்பேன், மரை தளர்ந்தால் கோடு விலகுவது தெரியும். பில்லில் "புது" என்று போட்டிருந்த டர்ன்பக்கிளைக் கழற்றினால், மரையின் பள்ளத்தில் என் நகப்பூச்சு. வெளியே பளபளவென்று பாலிஷ், உள்ளே என்னுடைய பழைய சிவப்பு. எங்கள் சாமானையே எங்களுக்கு மறுபடி விற்றிருக்கிறார்!

போன் செய்தோம். "அக்கா, கடல் தண்ணி உப்புதானே, கம்பி துரு பிடிக்கத்தான் செய்யும்" என்றார். அவர் கழற்றி எடுத்துப் போன கம்பி இதே கடலில் பத்து வருஷத்துக்கு மேல் இருந்தது என்று சொன்னேன். அதற்கப்புறம் போனை எடுக்கவே இல்லை. மாலிப்டினம் சோதனைத் திரவம் வாங்கி அறுந்த கம்பித் துண்டு ஒன்றில் சொட்டு விட்டுப் பார்த்தோம், மாற வேண்டிய நிறம் மாறவில்லை, அதாவது அது 316 இல்லை. பட்டறைக்காரர்களோ, அவர் வெளியாள், எங்களுக்குச் சம்பந்தமில்லை என்று கையை விரித்துவிட்டார்கள்.

உங்களில் யாருக்காவது இப்படி நடந்திருந்தால் சும்மா விடாதீர்கள். பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயத்தில் 50,000 ரிங்கிட் வரை கேட்கலாம், கட்டணம் 5 ரிங்கிட்தான், வக்கீலே வேண்டாம், மூன்று வருடத்துக்குள் போக வேண்டும். பில், அறுந்த கம்பி, டர்ன்பக்கிள் எல்லாவற்றையும் பத்திரமாக வையுங்கள். நான் அந்த மரையைத் துடைக்காமல் பிளாஸ்டிக் பையில் போட்டு வைத்திருக்கிறேன்.

கம்பியை லங்காவியில் மறுபடி போட்டோம். இந்த முறை ட்ரம் லேபிளைப் படம் எடுத்து, கம்பி ஆலையின் சான்றிதழை வாங்கி, ஒவ்வொரு முனையையும் நாங்கள் நின்று பார்க்க அழுத்தி, பழையதையும் கையில் வாங்கிக்கொண்ட பிறகுதான் மிச்சப் பணம். அந்த ரிக்கர் முகம் சுளிக்கவே இல்லை, காபி கொடுத்தார்.

எங்களை ஏமாற்றியவரோ போன வாரம்கூட ஒரு படகின் மாஸ்ட்டை இறக்கி வைத்திருக்கிறாராம். படகுக்காரர் யாரென்று எனக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் இதை அவருக்கு அனுப்பிவிடுங்கள், மாஸ்ட் மறுபடி ஏறுவதற்குள்.