பழைய டர்போ கார் வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்: எனக்கு 64,000 ரூபாய் போச்சு

64,000 ரூபாய். நேற்று சாயங்காலம்தான் மெக்கானிக்கிடம் எண்ணிக் கொடுத்தேன். கோபம் இன்னும் அடங்கவில்லை. வண்டி வாங்கியது நம்ம மாவட்டத்தில் உள்ள ஒரு பழைய கார் கடையில். பெயரைப் போடவில்லை. கண்ணாடிக் கதவு, ஏசி, "முழுசா செக் பண்ணின வண்டி" என்று பெரிய போர்டு, அந்த வகைக் கடை.

நான் கேட்டுப் போனது 1.2 லிட்டர் சாதா, அதாவது டர்போ இல்லாத, பெட்ரோல் வண்டி. டர்போ என்பது எஞ்சின் புகையின் வேகத்தில் சுற்றி, எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளி இழுவையைக் கூட்டுகிற பாகம். எங்கள் ஓட்டம் தக்கலை, நாகர்கோவில், அம்மாவுக்கு நெய்யூர் ஆஸ்பத்திரி, ஞாயிற்றுக்கிழமை சர்ச். வடசேரி நெரிசலில் ஊர்ந்து போகிற வண்டிக்கு டர்போ தேவையே இல்லை. அவர்கள் விடவில்லை. "சாதா எஞ்சின இப்ப யாரு சார் வாங்குறா? ஏசி போட்டு அஞ்சு பேரோட பேச்சிப்பாறை ஏறிப் பாருங்க, தெரியும்." அதில் பொய் இல்லை. 1 லிட்டர் டர்போ பெரும்பாலும் 2,000 ஆர்பிஎம் (எஞ்சின் நிமிஷத்துக்குச் சுற்றுகிற சுற்று) வாக்கிலேயே முழு இழுவையையும் கொடுத்துவிடும். சாதா எஞ்சினை 4,000 வரை மிதிக்க வேண்டும். ஓட்டிப் பார்த்தபோதும் நன்றாகத்தான் இழுத்தது.

அப்புறம் பானட்டைத் திறந்தார் அந்த விற்பனையாளர். எஞ்சின் பளபளவென்று இருந்தது. ஆயில் குச்சியை உருவி, வெள்ளைத் துணியில் துடைத்து என் முன்னால் நீட்டினார். துணியில் தேன் நிறத்தில் கறை, சுத்தமான ஆயில். "ஒரே ஓனர், கம்பெனி சர்வீஸ். டர்போவுக்கும் சேர்த்து ஒரு வருஷ வாரன்டி" என்று சொல்லிவிட்டு, சாவியை அம்மா கையில் கொடுத்தார். "நல்லா இரு மக்கா" என்றார் அம்மா. அந்த வாழ்த்தையும் வாங்கிக்கொண்டுதான் ஏமாற்றியிருக்கிறார்கள்.

திருநெல்வேலியிலிருந்து திரும்பும்போது, காவல்கிணறு தாண்டி முப்பந்தல் எதிர்காற்றில் வண்டியின் இழுவை செத்துப்போனது. ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க விசில் சத்தம், பின்னால் நீலப் புகை, எஞ்சின் லைட் எரிகிறது. ஆரல்வாய்மொழி வரை உருட்டிக்கொண்டு வந்தேன்.

மெக்கானிக் டர்போவுக்குப் போகிற குழாயைக் கழற்றினார். உள்ளிருந்து ஆயில் சொட்டியது. டர்போவுக்குள் இருக்கிற சின்ன சக்கரத்தை விரலால் தொட்டுக் காட்டினார். ஆடியது, இறக்கைகளின் ஓரம் உரசித் தேய்ந்திருந்தது. ஆயில் மூடியின் அடியில் கறுப்புப் பசை. "டர்போ நிமிஷத்துக்கு லட்சம் சுத்துக்கு மேல சுத்தும். அதுக்கு உயிரே ஆயில்தான். இது காலாகாலத்துல ஆயில் மாத்தாம ஓட்டின வண்டி. விக்கதுக்கு முன்னால புது ஆயில் ஊத்தியிருக்கானுவ, கேட்டியளா" என்றார். புது டர்போ, ஆயில் பைப், கூலி எல்லாம் சேர்த்து 64,000.

கடைக்குப் போன் செய்தால் "மேனேஜர் வெளியே போயிருக்காரு". நேரில் போனால் "திங்கக்கிழமை வாங்க". திங்கள்கிழமை போனால் அந்த விற்பனையாளர் வேலையை விட்டுப் போய்விட்டாராம். கடைசியில் மேனேஜர் வாரன்டி தாளை எடுத்து, பின்பக்கம் பொடி எழுத்தில் ஒரு வரியைக் காட்டினார்: எஞ்சின், கியர்பாக்ஸ் மட்டும்; டர்போ தேய்மான பாகம், சேராது. "உங்க ஆள் வாயால சொன்னாரே" என்றேன். "எழுத்துல இருக்கா சார்?" என்று கேட்டுவிட்டு அடுத்த வாடிக்கையாளருக்கு டீ சொல்லப் போய்விட்டார். அம்மா வெளியே வண்டியில் உட்கார்ந்திருந்தார். 64,000 ரூபாய் எங்கள் வீட்டில் சும்மா கிடக்கிற காசு இல்லை.

டர்போவா சாதாவா என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. டவுன் ஓட்டம்தான் என்றால் சாதா எஞ்சின் போதும், யார் என்ன சொன்னாலும் மாறாதீர்கள். டர்போதான் வேண்டும் என்றால், வண்டி நம்பரைக் கொடுத்து கம்பெனி சர்வீஸ் சென்டரில் ஆயில் மாற்றிய கணக்கைக் கேளுங்கள். காலையில், எஞ்சின் ஆறிக் கிடக்கும்போது போய் ஸ்டார்ட் செய்து புகையைப் பாருங்கள். எனக்குக் காட்டும்போது எஞ்சின் ஏற்கெனவே சூடாக இருந்தது. ஆயில் மூடியைக் கழற்றிப் பாருங்கள். வாரன்டியில் "டர்போ" என்று எழுதி வாங்குங்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் சொல்லிவிட்டேன். பில்லையும் பழைய டர்போவையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். அடுத்து நாகர்கோவிலில் நுகர்வோர் ஆணையத்துக்குத்தான் போகப்போகிறேன்.