தாஷாவா, ஒல்காவா? சோவியத் கதைகளில் பெண்கள்

சோவியத் புத்தகங்களைத் தமிழில் படித்து வளர்ந்தவர்களுக்கு அந்த நாட்டுப் பெண் என்றதும் முதலில் நினைவுக்கு வருவது கோர்க்கியின் 'தாய்'தான். ஆனால் அந்த நாவல் வெளிவந்தது 1906-இல், புரட்சிக்குப் பதினோரு ஆண்டுகள் முன்பு. அந்தத் தாய் நீலவ்னா சோசலிச அரசில் வாழ்ந்தவள் அல்ல, அது வரட்டும் என்று துண்டறிக்கை சுமந்தவள். அரசு வந்த பிறகு பெண்ணை எப்படி எழுதினார்கள்? அதற்கு நான்கு கதைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். நான்கிலும் ஒரே இரண்டு கேள்விகள்தான். அந்தப் பெண்ணை யார் கண் வழியாகப் பார்க்கிறோம்? அவள் பிள்ளை என்ன ஆகிறது?

முதலில் ஃபியோதர் கிளாத்கோவின் 'சிமெண்ட்', 1925. உள்நாட்டுப் போரில் மூன்று ஆண்டுகள் சண்டையிட்டுவிட்டு கிளேப் வீடு திரும்புகிறான். சிமெண்ட் ஆலை ஓடாமல் கிடக்கிறது. வீடும் அப்படித்தான் கிடக்கிறது. மனைவி தாஷா சிவப்புத் தலைத்துணி கட்டிக்கொண்டு கட்சியின் பெண்கள் பிரிவில் வேலை செய்கிறாள். மகள் நியூர்கா குழந்தைகள் இல்லத்தில் இருக்கிறாள். தனக்கென்று காத்திருக்கும் ஒரு மனைவியை எதிர்பார்த்து வந்தவனுக்கு எதிரே சரிசமமாக நின்று பேசும் ஒரு தோழர். இந்த இடத்தை இன்றைக்குப் படித்தாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கும். 1925-இல் ஒரு தொழிலாளிப் பெண்ணை, புரட்சியை எதிர்த்துப் போரிட்ட வெள்ளைப் படையினரின் கொடுமையைத் தாங்கி மீண்டவளை, 'நான் இனி உன் உடைமை இல்லை' என்ற நிலையில் நிறுத்துவது சின்னக் காரியம் இல்லை.

ஆனால் நியூர்கா அந்த இல்லத்திலேயே வாடி வாடி இறந்துபோகிறாள். தாஷாவுக்குத் துக்கம் இல்லாமல் இல்லை. கதைதான் அங்கே அதிக நேரம் நிற்பதில்லை, அதற்கு ஆலையைத் திறக்க வேண்டியிருக்கிறது. தாஷாவைப் பெரும்பாலும் கிளேப்பின் கண் வழியாகவே பார்க்கிறோம் என்பதும் முக்கியம். அவள் அவனுக்கு ஒரு புதிராகவே இருக்கிறாள், கடைசியில் அவனை விட்டுப் போயும் விடுகிறாள். அந்தக் குழந்தை இறந்தபோது அவள் என்ன நினைத்தாள் என்பது எனக்கு இன்னமும் வேண்டியிருக்கிறது, கிளாத்கோவ் அதைத் தரவில்லை. பிற்பாடு வந்த பதிப்புகளில் அவர் நாவலைத் திரும்பத் திரும்பத் திருத்தினார். ஆகவே கையில் இருப்பது எந்தப் பதிப்பு என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தாஷா வேலை செய்த அந்தப் பெண்கள் பிரிவு 1919-இல் தொடங்கி 1930-இல் கலைக்கப்பட்டது. 1920-இல் சட்டபூர்வமாக்கிய கருக்கலைப்பை 1936-இல் தடை செய்தார்கள். 1944-இல் பத்துப் பிள்ளை பெற்றவளுக்கு 'வீரத்தாய்' என்ற பட்டம் வந்தது. தலைத்துணிக்காரத் தோழரிடம் அரசு இப்போது பிள்ளைகளைக் கேட்டது. வேலையைக் குறைத்துக்கொள்ளச் சொல்லவும் இல்லை.

அந்த மாற்றத்தின் நிழலைப் போர்க் கதைகளிலும் காணலாம். பரீஸ் வசீலியெவின் 'அதிகாலையின் அமைதியில்' 1969-இல் வந்தது. 1942 மே மாதம், கரேலியாக் காடு. விமான எதிர்ப்புப் பீரங்கிப் பிரிவின் ஐந்து பெண்கள், அவர்களுக்குத் தலைவனாக வாஸ்கவ், எதிரே பதினாறு ஜெர்மானியர். ஐந்து பேரும் சாகிறார்கள். லீசா சதுப்பு நிலத்தில் மூழ்கும் பக்கங்களை நான் இரண்டாம் முறை படிக்க முயன்று முடியாமல் மூடி வைத்திருக்கிறேன். அவ்வளவு பாசத்தோடு எழுதப்பட்ட கதைதான். ஆனாலும் சோனியா கத்திக்குத்துப்பட்டு இறந்ததும் வாஸ்கவ் நினைப்பதைக் கவனியுங்கள். அவள் பிள்ளைகள் பெற்றிருப்பாள், அவர்கள் பேரப்பிள்ளைகள் பெற்றிருப்பார்கள், மனிதகுலம் நூற்கும் நூலில் ஓர் இழை அறுந்துவிட்டதே என்று கலங்குகிறான். கவிதையும் கையுமாக இருந்த பெண் அவள். அவள் எழுதியிருக்கக்கூடிய வரிகளை அவன் எண்ணவில்லை, பெற்றிருக்கக்கூடிய பிள்ளைகளைத்தான் எண்ணுகிறான். துப்பாக்கி கொடுத்த பிறகும் பெண்ணின் மதிப்பை அளக்கும் கோல் மாறவில்லை. ஐவரில் தாயானவள் ரீத்தா. பக்கத்து ஊரில் இருக்கும் மகனுக்கு இரவில் திருட்டுத்தனமாக உணவு கொண்டு போவாள். அவள் இறந்தபின் அந்தப் பையனை வளர்ப்பது வாஸ்கவ்.

ஐத்மாத்தவின் 'ஜமீலா' (1958) பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏற்கெனவே பலர் மனதில் இருப்பவள் அவள். போருக்குப் போன கணவன் எழுதும் கடிதத்தில் ஊர்ப் பெரியவர்களையெல்லாம் வரிசையாக விசாரித்துவிட்டுக் கடைசி வரியில்தான் மனைவிக்கு இடம். அந்த ஒரே விவரத்தில் ஒரு கிர்கீஸியக் கிராமம் முழுக்க இருக்கிறது. அவள் தானியார் என்பவனோடு கிளம்பிப் போகிறாள், கதை அதற்காக அவளைத் தண்டிக்கவில்லை. நான்கில் அழகான கதை இதுதான். ஆனால் சொல்பவன் கொழுந்தன் சையது, வளர்கிற பையன். ஜமீலா அவன் வரைய ஆசைப்படும் ஓவியம். அவளுக்குப் பிள்ளையும் இல்லை. கிளம்பிய பிறகு அவள் வாழ்க்கை எப்படிப் போனது என்று கதை நம்மைக் கூட்டிப் போகாது.

சரி, ஒல்காவுக்கு வருவோம். நத்தாலியா பரான்ஸ்கயாவின் 'வழக்கமான ஒரு வாரம்' 1969 நவம்பர் 'நோவி மீர்' இதழில் வந்தது. பரான்ஸ்கயா 1908-இல் பிறந்தவர், அருங்காட்சியக வேலையில் இருந்து ஓய்வு பெற்று அறுபதை எட்டியபோதுதான் கதைகளைப் பிரசுரிக்கத் தொடங்கினார். ஒல்காவுக்கு வயது இருபத்தாறு. மாஸ்கோவில் ஒரு ஆய்வுக்கூடத்தில் விஞ்ஞானி, இரண்டு குழந்தைகள். திங்கள் முதல் ஞாயிறு வரை அவளே சொல்கிறாள். 'நான்' என்று தன் கதையைத் தானே சொல்லும் பெண் இந்த நான்கு கதைகளிலும் அவள் ஒருத்திதான்.

கதையில் பெரிதாக எதுவும் நடப்பதில்லை. காலையில் ஓட்டம், குழந்தைகளைக் காப்பகத்தில் விடுவது, பேருந்து, மெட்ரோ, வேலைக்குத் தாமதமாகிவிடுமோ என்ற பயம், மதிய இடைவேளையில் கடை வரிசை, இரண்டு கைகளிலும் பை. வேலையிடத்தில் ஒரு கேள்விப் படிவம் வருகிறது. வீட்டு வேலைக்கு எத்தனை மணி நேரம், பிள்ளைகளின் நோய்க்காக எத்தனை நாள் விடுப்பு, பொழுதுபோக்குக்கு எவ்வளவு என்று கேட்கிறது. தனக்குப் பிடித்த விளையாட்டு ஓட்டம் என்று ஒல்கா சொல்வது அங்கேதான். கணவன் தீமா கெட்டவன் இல்லை, உதவியும் செய்கிறான். அதுதான் இந்தக் கதையின் வலு. கொடுமைக்காரக் கணவனைக் காட்டிவிட்டுத் தப்பித்துக்கொள்ள முடியாது. ஞாயிற்றுக்கிழமை அவன், நீ வேலையை விட்டுவிட்டு வீட்டிலேயே இருக்கலாமே என்கிறான். ஒல்கா கொதித்துப் போகிறாள், ஏனென்றால் அந்த வேலையை அவள் நேசிக்கிறாள்.

இங்கேதான் தாஷாவையும் ஒல்காவையும் சேர்த்துப் படிக்க வேண்டும். தாஷாவின் தலைமுறை கேட்டது பொதுச் சமையலறை, பொதுச் சலவையகம், குழந்தைகள் காப்பகம். காப்பகம் கிடைத்துவிட்டது, ஒல்காவின் பிள்ளைகள் அங்கேதான் இருக்கிறார்கள். பட்டமும் ஆய்வுக்கூடமும் கிடைத்துவிட்டன. கதை வருவதற்கு ஆறு ஆண்டு முன்பே முதல் விண்வெளிப் பெண் தெரஷ்கோவா விண்வெளிக்குப் போய் வந்துவிட்டார். சமையலும் துணி துவைப்பதும் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தன. முந்தைய மூன்று கதைகளும் பிள்ளையை ஏதோ ஒரு வழியில் ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் பெண்ணை உயரத்தில் நிறுத்தின. பரான்ஸ்கயா பிள்ளைகளை நடுவில் வைத்தார், சளி, காய்ச்சல், கழற்றி மாட்டும் காலுறை என்று எல்லாவற்றோடும்.

ஒரே ஒரு கதைதான் படிக்க முடியும் என்பவருக்கு நான் ஒல்காவைக் கொடுப்பேன். இரண்டு படிக்க நேரமிருந்தால் தாஷாவை முதலில் படித்துவிட்டு இவளிடம் வாருங்கள். திங்கட்கிழமை முதல் ஒல்கா தைக்க நினைக்கும் ஒரு கொக்கி இருக்கிறது, அவள் உடுப்பின் இடுப்புப் பட்டியில் பிய்ந்துபோனது. ஞாயிறு இரவு வருகிறது. அவள் அதை இன்னும் தைக்கவில்லை.