ஓட்டுக் கூரையா, ஓடு பதித்த தளமா? செங்கோட்டையில் இரண்டு வகுப்பறைகள் கட்டியபோது

எங்கள் பள்ளிக் குழு இரண்டு வகுப்பறைகள் கட்டத் தீர்மானித்தபோது கூரையைப் பற்றித்தான் மாதக்கணக்கில் பேசினோம். கீற்றுக்கு இடமில்லை, 2004இல் கும்பகோணம் பள்ளித் தீ விபத்தில் 94 குழந்தைகளை இழந்த பிறகு அந்தப் பேச்சையே யாரும் எடுப்பதில்லை. தகரக் கூரை மலிவுதான். ஆனால் சாரல் வலுத்தால் ஆசிரியர் சொல்வது முதல் பெஞ்சுக்கே கேட்காது. வழக்கமான கான்கிரீட் தளம் எல்லாருக்கும் தெரிந்தது. மார்ச் மாத மதியத்தில் அதன் கீழே உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

எனவே போட்டி இரண்டுக்கு நடுவில்தான்: சீமை ஓட்டுக் கூரை, உள்ளே ஓடு பதித்து வார்க்கும் கான்கிரீட் கூரைத் தளம்.

சீமை ஓட்டின் மேல் எனக்கு இன்றும் ஆசை உண்டு. 1865இல் மங்களூரில் பாசல் மிஷன் ஆலை தொடங்கியது முதல் மேற்குக் கரை முழுவதும் பரவிய ஓடு அது. 1949 வரை திருவிதாங்கூரிலும் பிறகு 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்த எங்கள் ஊருக்கு அது அந்நியமில்லை. உயரமான கூரை, இடுக்குகளில் வெளியேறும் வெப்பம், மழையை வழித்துவிடும் சரிவு எல்லாம் வகுப்பறைக்குப் பொருந்தும்.

என்னைத் தடுத்தது பராமரிப்பு. குற்றாலத்துக்குப் பக்கத்து ஊரில் குரங்குகள் ஓட்டைப் புரட்டாமல் விடாது. ஆண்டுதோறும் மே மாதத்தில், சாரலுக்கு முன்பே, ஒருவர் கூரையில் ஏறி உடைந்ததை மாற்ற வேண்டும். ஓர் ஆலையின் ஓடு இன்னோர் ஆலையின் ஓட்டோடு பல் பொருந்தாது; பத்து ஆண்டு கழித்து அதே அச்சுக்கு எங்கே போவது? கைமரத்தில் கரையான் ஏறுகிறதா என்று வேறு பார்க்க வேண்டும். கட்டடம் கட்டப் பணம் கேட்டால் ஊரில் தருகிறார்கள். ஓடு மாற்றக் கேட்டால் முதல் ஆண்டு தருவார்கள், மூன்றாம் ஆண்டு தர மாட்டார்கள். ஒழுகும் வகுப்பறையில் நனைவது பிள்ளைகளின் புத்தகம். இந்த ஒரு காரணத்துக்காகவே நான் தளத்தின் பக்கம் நின்றேன்.

மலையைத் தாண்டித் திருவனந்தபுரம் போய், செலவு குறைந்த கட்டடங்களுக்குப் பெயர்பெற்ற கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கட்டிய வளர்ச்சி ஆய்வு மைய வளாகத்தைப் பார்த்துவிட்டு வந்தோம். ஓடு பதித்த தளத்தின் தத்துவம் எளிது. தளத்தின் அடிப்பகுதிக் கான்கிரீட், கம்பியைப் பிடித்துக்கொள்வதைத் தவிரச் சுமை தாங்குவதில் பெரிதாக உதவுவதில்லை. அந்த அடிப்பகுதியில் கம்பிகளுக்கு இடையில் இரண்டிரண்டு சீமை ஓடுகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கவிழ்த்து வைத்தால் கான்கிரீட் மிச்சமாகும். ஓடுகளுக்கு நடுவே அடைபட்ட காற்று வெப்பத்தைக் குறைக்கும். ஓட்டை நன்றாக நனைத்த பிறகே கான்கிரீட் போட வேண்டும். கம்பி இடைவெளியைப் பொறியாளர் கணக்கிட்டுத் தராமல் இதைத் தொடவே கூடாது.

சுவருக்கு எலிப்பொறிக் கட்டு. செங்கல்லைப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி, நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டும் ஒன்பது அங்குலச் சுவர். கல் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு குறையும். ஆனால் எங்கள் கொத்தனார்களுக்குப் பழக்கமில்லாததால் வேலை மெதுவாக நடந்தது. மிச்சத்தில் ஒரு பகுதி கூலிக்கே போனது. பூச்சு இல்லாததால் வெள்ளையடிக்கும் செலவு இல்லை. சாரல் நேராக அடிக்கும் மேற்குச் சுவருக்கு மட்டும் பூசினோம்.

இதுவரை இரண்டு சாரல் பருவங்கள்தான் கடந்திருக்கின்றன. ஒழுகவில்லை. பழைய கட்டடத்தைவிட மதியம் தாங்கும்படி இருக்கிறது என்று ஆசிரியர்கள் சொல்கிறார்கள். வெப்பமானி வைத்து அளக்கவில்லை. இருபது ஆண்டு கழித்துக் கம்பி எப்படி இருக்கும் என்பதற்கு எங்கள் அனுபவம் பதிலாகாது.

ஒன்றை மட்டும் நாங்கள் முன்பே யோசித்திருக்க வேண்டும். உள்ளே வெற்றிடமுள்ள சுவரில் ஆணி சரியாக நிற்பதில்லை. கரும்பலகையும் வரைபடங்களும் மாட்ட, சுவர் எழும்பும்போதே மரச்சட்டம் பதித்திருந்தால் பிறகு துளையிட்டுத் துன்பப்பட்டிருக்க மாட்டோம்.