சுவர்ப் பூஞ்சையா, கடலைப் பூஞ்சையா: புற்றுநோய்க்கு எதை அஞ்ச வேண்டும்?

அடைமழைக் காலத்தில் ஓதம் ஏறிய சுவரில் கரும்பச்சைத் திட்டுகள் படர்ந்தால், இதனால் புற்றுநோய் வந்துவிடுமோ என்று வீட்டில் கவலை தொற்றிக்கொள்கிறது. அதே வீட்டு அடுக்களையில், பூசணம் பிடித்த நிலக்கடலையில் கெட்டதை மட்டும் பொறுக்கி எறிந்துவிட்டு, மீதியை வறுத்துக் குழந்தைகளுக்குக் கொடுக்கிறார்கள். புற்றுநோய் என்ற ஒரே அளவுகோலால் இரண்டையும் அளந்தால், அச்சம் தவறான இடத்தில் குவிந்திருப்பது தெரியும்.

முதலில் சுவர். ஈரமான கட்டடங்கள் குறித்து அமெரிக்காவின் மருத்துவ ஆய்வு அமைப்பான இன்ஸ்டிட்யூட் ஆஃப் மெடிசின் 2004இல் வெளியிட்ட விரிவான அறிக்கை, இருமல், மூச்சிரைப்பு, ஆஸ்துமா தீவிரமாதல் ஆகியவற்றுக்குப் போதிய சான்று இருப்பதாகவும், புற்றுநோய்க்கு அத்தகைய சான்று இல்லை என்றும் பிரித்துச் சொன்னது. ஈரச் சுவர்களில் வளரும் ஆஸ்பர்ஜில்லஸ் வெர்சிகலர் என்ற பூஞ்சை ஸ்டெரிக்மட்டோசிஸ்டின் எனும் நஞ்சைச் சுரக்கிறது என்பதும், சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை அதனை '2பி' பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற பிரிவில், வைத்திருப்பதும் உண்மையே. ஆனால் அந்த மதிப்பீடு பெரிதும் விலங்குச் சோதனைகளைச் சார்ந்தது. வீட்டுக் காற்றில் கலக்கும் சிறு அளவு மனிதருக்குப் புற்றுநோய் தருவதாக இதுவரை நிறுவப்படவில்லை.

கடலையின் கதை வேறு. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மடிந்தபோது, காரணத்தைத் தேடியவர்கள் தீவனத்தில் சேர்ந்திருந்த நிலக்கடலைப் புண்ணாக்கில், பூஞ்சை சுரக்கும் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சைக் கண்டார்கள். இன்று அது, ஐயத்துக்கு இடமின்றிக் கல்லீரல் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக அதே முகமையின் முதல் பிரிவில் இருக்கிறது. ஹெபடைடிஸ் பி தொற்று உள்ளவர்களுக்கு இந்த நஞ்சின் ஆபத்து ஏறத்தாழ முப்பது மடங்கு கூடுகிறது. வறுப்பதும் வேகவைப்பதும் பூஞ்சையைக் கொல்லுமே தவிர, நஞ்சை முழுவதும் அழிக்காது. பூசணம் தெரியாத பருப்பிலும் அது இருக்கக்கூடும் என்பதால், பொறுக்கி எடுப்பது ஆபத்தைக் குறைக்குமே ஒழிய நீக்காது. செக்கு எண்ணெய் பிரியர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: ஆலைச் சுத்திகரிப்பு இந்த நஞ்சைப் பெரும்பாலும் அகற்றிவிடுகிறது, செக்கில் அந்தக் கட்டம் இல்லை. ஆகவே செக்குக்குப் போகும் கடலை நன்கு காய்ந்ததா, சுருங்கியும் நிறம் மாறியும் கிடக்கும் பருப்புகள் கழிக்கப்பட்டனவா என்று கேட்பது அவசியம். மக்காச்சோளம், வற்றல் மிளகாய், கொப்பரை ஆகியவற்றிலும் இதே கவனம் வேண்டும்.

எனினும், புற்றுநோய் பயம் விலகியதென்று சுவரை அப்படியே விட்டுவிடுவதை நான் ஏற்க மாட்டேன். இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் 2020இல் இறந்த இரண்டு வயதுக் குழந்தையின் சாவுக்கு, வீட்டில் நீண்ட நாள் இருந்த பூஞ்சையால் வந்த கடும் சுவாச பாதிப்பே காரணம் என்று 2022இல் மரண விசாரணை முடிவு சொன்னது. இரவில் இழுப்பு வந்து எழுந்து உட்காரும் குழந்தைக்கு இந்தச் சுவரே உடனடி ஆபத்து. மேலே பெயின்ட் அடித்து மறைப்பது வீண். ஒழுகும் குழாயையும் மொட்டைமாடி விரிசலையும் அடைக்காமல் பிளீச்சிங் போட்டுத் துடைத்தாலும், அடுத்த மழையில் திட்டு திரும்பிவிடும். நனைந்ததை இரண்டு நாளுக்குள் உலர்த்திவிட்டால் பூஞ்சை பெரும்பாலும் வேர்பிடிக்காது.

இன்னொரு நிலையிலும் சுவர்ப் பூஞ்சை கடலைப் பூஞ்சையை முந்திவிடுகிறது. கீமோதெரபியால் வெள்ளணுக்கள் வெகுவாகக் குறைந்தவருக்கு ஆஸ்பர்ஜில்லஸ் வித்துகள் நுரையீரலில் ஊடுருவி உயிரையே பறிக்கலாம். அத்தகையவர் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்புமுன், வேறொருவர் முகக்கவசம் அணிந்து அந்தச் சுவரை ஈரத் துணியால் துடைத்துச் சுத்தம் செய்து உலர்த்திவிட வேண்டும். அதற்கு நேரம் போதாவிட்டால், ஓதமில்லாத வேறு அறையில் அவரைப் படுக்க வைக்க வேண்டும்.