ஊட்டி வெயிலையும் சேர்த்து அளக்கும் சென்சார்

வீட்டுக்குப் பின்னாலுள்ள தடுப்புச் சுவர் அசைகிறதா என்று பார்க்க ஃபைபர் (கண்ணாடி இழை) சென்சார் போடலாமா என்று குன்னூர் நண்பர் கேட்டிருந்தார். ஊட்டிச் சரிவில் மூன்று மழைக்காலம் தாண்டி, போன வாரம் பழுது பார்த்த ஒன்றை வைத்துச் சொல்கிறேன்.

பிராக் கிரேட்டிங் வகை: இழைக்குள் பதித்த நுண்ணிய வரிகள் ஒரே ஒரு அலைநீள ஒளியைத் திருப்பி அனுப்பும், இழை இழுபட்டாலோ சூடேறினாலோ அந்த அலைநீளம் நகரும். 1550 நானோமீட்டர் ஒளியில் ஒரு மைக்ரோஸ்ட்ரெயின் (நீளத்தில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) இழுப்புக்கு அலைநீளம் சுமார் 1.2 பிகோமீட்டர் நகரும். ஒரு டிகிரி சூட்டுக்குச் சுமார் 10 பிகோமீட்டர். தகராறே இங்குதான். தை மாத உறைபனியில் விறைத்து நிற்கிற சுவர் மத்தியான வெயிலில் 20 டிகிரி ஏறினால், மண் இம்மியும் அசையாமல் சுமார் 167 மைக்ரோஸ்ட்ரெயின் காட்டும். கான்கிரீட் தானாக விரிவது டிகிரிக்குச் சுமார் 10 மைக்ரோஸ்ட்ரெயின். ஆக, இன்னொரு 200. எச்சரிக்கை எல்லையை 300-இல் வைத்துப் பாருங்கள், தினமும் உச்சிவேளையில் நிலச்சரிவுதான்.

இதற்கு, சுவரில் ஒட்டாத கிரேட்டிங் ஒன்றைக் குழாய்க்குள் தளர்வாக விட்டு, சூட்டை மட்டும் உணரும் அதன் நகர்வைக் கழிக்க வேண்டும். மாட்ட வருகிறவர்கள் அதை ஜங்ஷன் பெட்டிக்குள் சுருட்டி வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். பெட்டி சில்வர் ஓக் நிழலில், சுவர் வெயிலில். என்ன கழியும்? அதே சுவரில், அதே வெயில் படும் இடத்தில் இருக்க வேண்டும். அப்போதும் கான்கிரீட்டின் விரிவு கழியாது. விடியுமுன் எடுத்த அளவுகளை மட்டும் நாளுக்கு நாள் ஒப்பிடுவதே மேல். சரிவில் அரை மீட்டர் ஆழத்தில் புதைத்த கேபிளுக்கு இந்தப் பாடு குறைவு. பகல் சூடு அங்கே அவ்வளவாக எட்டாது. ஆனால் வழவழப்பான கேபிள் மண்ணோடு இழுபடாது, இடைவிட்டுத் தகட்டுப் பிடிகள் போட வேண்டும்.

மெச்ச வேண்டியது சித்திரை இடியில். செப்புக் கம்பி சென்சார்கள் கருகும் இடத்தில் கண்ணாடி இழைக்கு ஒன்றும் ஆவதில்லை. (இழைக்குள் ஒளி அனுப்பி அளவெடுக்கும் இன்டராகேட்டர் கருவிக்குப் போகும் கரன்ட் லைனுக்கு, இடி மின்னழுத்தத்தைத் தடுக்கும் சர்ஜ் அரெஸ்டர் வேண்டும், அது வேறு.)

போன வாரமும் இழை உடையவில்லை. மூடுபனி ஈரம் கேபிள் கிளாண்ட் (பெட்டிக்குள் கேபிள் நுழையும் வாய்) வழியே இறங்கி, இழைகளை இணைக்கும் பச்சைக் கனெக்டரின் முனையில் படிந்து சிக்னலை மங்கடித்துவிட்டது. பிசிறில்லாத துணி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், பத்து நிமிடம். கேபிள் பெட்டியின் அடிவழியாக, ஒரு வளைவு தொங்கவிட்டு நுழைந்திருந்தால் இதுவும் தேவைப்பட்டிருக்காது. வெளியில் கனெக்டரே வேண்டாம், இழைகளை மின்பொறியில் உருக்கி ஒட்டும் ஸ்பிளைஸ் போடுங்கள். அதற்குமுன் ஊட்டியின் 2,240 மீட்டர் உயரத்துக்கு ஏற்ப, அந்த மின்பொறியைச் சரிசெய்யும் ஆர்க் கலிபிரேஷன் ஓட்டுங்கள். காற்றழுத்தம் குறைந்த இடத்தில் சமவெளி அமைப்பு ஒத்துவராது.

உங்கள் சுவருக்கு வேண்டாம். இன்டராகேட்டர் விலையில் அதை இடித்தே கட்டலாம். 2009 நவம்பரில் ஊட்டி பக்கத்துக் கேத்தியில் ஒரே நாளில் 820 மி.மீ. பெய்த மலை இது. முதலில் மழைமானி வையுங்கள். விரிசலுக்குக் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டை சிமென்ட் வைத்து ஒட்டுங்கள், விரிசல் அகன்றால் அது உடைந்து காட்டிக்கொடுக்கும். வடிகால் துளைகளில் வேர் அடைத்திருந்தால் இந்த வாரமே எடுத்துவிடுங்கள்.